உடைசல் சில்லில் ஒரு முற்றம்: முதன்முதலாகச் செய்பவருக்கு

வீட்டு முற்றத்தில் உடைசல் சில்லு பதித்த சிமென்ட் உருவங்கள் செய்ய ஆசையா? முதலில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள மலம்புழாவுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அணையைப் பார்க்க அல்ல, அதைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு பாறைத் தோட்டமும் இருக்கிறது. அதற்குள் போய் ஏதாவது ஒரு பொம்மையின் முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். உடம்பெல்லாம் வளையல் துண்டு, டைல்ஸ் உடைசல், பழைய டின், கேன். ஒவ்வொன்றும் யாரோ வேண்டாமென்று தூக்கிப் போட்டது.

அதை வடிவமைத்தவர் நேக் சந்த். சிற்பம் படித்தவர் இல்லை. சண்டிகரில் அரசுப் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். அந்த நகரத்தைக் கட்டுவதற்காகப் பல கிராமங்களை இடித்தார்கள். இடிபாட்டுக் குவியலில் கிடந்த பீங்கான், ஓடு, சைக்கிள் சட்டம் எல்லாவற்றையும் 1957 முதல் அவர் சேர்க்கத் தொடங்கினார். வேலை முடிந்தபின், இரவில், யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் உருவங்களைச் செய்து நிறுத்தினார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அரசு நிலத்தில் கட்டியது என்பதால் இடிக்கவும் பேச்சு நடந்தது. கடைசியில் 1976இல் அந்தச் சண்டிகர் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது, 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மலம்புழாவில் இன்னொன்றையும் பாருங்கள். கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யட்சி சிலை. அவர் முறையாகச் சிற்பம் பயின்றவர். யட்சியின் தொடையும் தோளும் எப்படித் திரும்புகின்றன என்று பார்த்துவிட்டு, மறுபடி பாறைத் தோட்டத்துப் பொம்மையிடம் வாருங்கள். இதில் அந்த உடற்கூறு இல்லை. கை கட்டைபோல நிற்கும், முகம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஆனால் வரிசையாக நிற்கும்போது உயிர் வந்துவிடுகிறது. நாம் செய்யப் போவது இந்தப் பாறைத் தோட்டத்துப் பொம்மை வகை. ‘எனக்கு வரையவே வராது’ என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வாசலில் பதினோரு உருவங்கள் நிற்கின்றன. வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகப் போகிறவர்கள் சிலர் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள்: ‘இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?’ எங்கும் கற்கவில்லை. ஊர்க் கொத்தனார் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன், செய்து கெடுத்தேன், மறுபடி செய்தேன். கெடுத்ததைப் பற்றித்தான் இதில் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதல் மூன்று மாதம்: பொறுக்குவது மட்டும்

சிமென்ட் மூட்டையை இப்போதே வாங்காதீர்கள். வாங்கி வைத்தால் அது கட்டி தட்டுவதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். அந்த அவசரத்தில்தான் எல்லாரும் செல்போனில் பார்த்த மயிலையோ அன்னத்தையோ செய்கிறார்கள்.

பிரான்ஸில் ஓத்ரீவ் என்ற கிராமத்தில் ஃபெர்டினான் செவால் என்று ஒரு தபால்காரர் இருந்தார். 1879இல் தபால் கொடுக்க நடந்து போகும்போது ஒரு கல் காலைத் தடுக்கியது. விசித்திரமான கல். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் அதைவிட அழகான கற்கள் இருந்தன. முதலில் சட்டைப்பை, அப்புறம் கூடை, அப்புறம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. பகலெல்லாம் தபால், இரவில் விளக்கு வெளிச்சத்தில் கட்டுவேலை. 1912இல் முடிந்தபோது 33 ஆண்டுகள் ஓடியிருந்தன, அவருடைய தோட்டத்தில் ஒரு மாளிகை நின்றது. 1969இல் அந்த நாட்டு அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. நமக்கு மாளிகை வேண்டாம், சட்டைப்பை போதும். தினமும் ஒரு கைப்பிடி என்று வையுங்கள்.

நம் பக்கத்தில் எங்கே கிடைக்கும்? டைல்ஸ் கடைகளின் பின்பக்கத்தில் உடைந்த பெட்டிகள் கிடக்கும். கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள், ஆனால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் மங்களூர் ஓடு. வேலை செய்பவர்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு நொறுங்கியதை அள்ளிக்கொள்ளலாம். ஓட்டின் முதுகில் கம்பெனி முத்திரை பதித்திருந்தால் அந்தத் துண்டை உடைக்காமல் தனியாக வையுங்கள், உருவத்தின் நெஞ்சில் பதிக்க அதைப்போல ஒன்று கிடையாது. கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலை வளையல் கடை போட்டிருந்த இடம். ஆக்ரிக் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், சைக்கிள் ரிம், பழைய பைப்பு. தென்னந்தோப்புகளில் உடைந்த கள்ளுக் கலயம் கிடைத்தால் விடாதீர்கள். புகையேறிய அந்தக் கறுப்பு வேறு எந்தச் சாயத்திலும் வராது.

எடுக்கக் கூடாதவையும் இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டைத் தொடவே வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பழைய வகை டியூப் லைட்டை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. அம்மன் கோயில்களில் நேர்ந்துகொண்டு வைத்த மண் உருவாரங்கள் உடைந்து குவிந்து கிடக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். போய்ப் பாருங்கள், கும்பிடுங்கள், குயவர் இரண்டு விரலால் கண்ணை எப்படிக் கிள்ளி வைத்திருக்கிறார் என்று கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சில்லைக்கூட எடுத்து வராதீர்கள், அது இன்னொருவருடைய வேண்டுதல்.

சேர்ந்ததைப் பிரித்து வைப்பது அலுப்பான வேலை. ஆனால் பாதிக் கலை அதில்தான் இருக்கிறது. பெயின்ட் வாளிகளில் நிறம் நிறமாகப் போடுங்கள். இரண்டு மாதம் போனால் எந்த வாளி நிறைகிறது என்று தெரியும். எனக்கு நீலம் நிறையவே இல்லை, காவியும் கறுப்பும்தான் நிறைந்தன. அந்த இரண்டு வாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பனைமரம் ஞாபகம் வந்தது. என் முதல் உருவம் மனிதனும் இல்லை, பறவையும் இல்லை, நெஞ்சுயரத்தில் ஒரு பனை. இந்தக் கரிசல் மண்ணில் பிறந்தவனுக்கு அதுதானே முதலில் வரும். குவியல் சொல்வதைக் கேளுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

இடமும் அடித்தளமும்

நேக் சந்துக்கு அரசு நிலம் கடைசியில் கைகொடுத்தது, எல்லாருக்கும் கொடுக்காது. பட்டா உள்ள சொந்த இடத்தில் மட்டும் கட்டுங்கள். சாலையோரம், புறம்போக்கு, வாய்க்கால் கரை வேண்டாம். சாலையை ஒட்டிய மதில் மேல் வைப்பதானால் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி கேரளத்தின் மற்ற இடங்களைப் போலச் செம்மண் இல்லை. பல இடங்களில் கரிசல். கரிசல் மழையில் ஊதும், வெயிலில் வாய் பிளக்கும். என் முதல் பனையை வெறும் மண்ணில் அரையடி தோண்டி நட்டேன். அடுத்த கோடையில் அது ஒரு பக்கம் சாய்ந்து, அடியில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. மூன்று மாத உழைப்பு அது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது இப்படிச் செய்கிறேன். உருவத்தின் அடியைவிட எல்லாப் பக்கமும் அரையடி அகலமாக, ஒன்றரை அடி ஆழம் தோண்டுவது. கரிசலை முழுக்க எடுத்துவிட்டு, செங்கல் உடைசலும் மணலும் போட்டு, தண்ணீர் விட்டு நன்றாகத் திமிசு போட்டு இறுக்குவது. அதன்மேல் நாலு அங்குலத்துக்கு ஜல்லிக் கான்கிரீட். முக்கால் அங்குலத்தை விடச் சிறிய ஜல்லி போதும். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே நடுவில் கம்பியை நிறுத்திவிட வேண்டும். இது இடுப்பு உயரம் வரை உள்ள உருவத்துக்கு. அதற்கு மேல் போவதானால் கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டுங்கள். குழந்தைகள் ஏறி விளையாடும் பொருள், சாயக் கூடாது.

எலும்புக்கூடு

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் சைமன் ரோடியா என்பவர் 1921 முதல் 1954 வரை தனியாளாகக் கோபுரங்கள் கட்டினார். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி. இரும்புக் கம்பியை வளைத்து, அதன்மேல் வலையைச் சுற்றி, சாந்து பூசி, ஈரத்தில் பீங்கானும் சிப்பியும் பாட்டில் கண்ணாடியும் பதித்தார். சாரம் கட்டவில்லை, இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு கட்டியதன் மேலேயே ஏறிக் கட்டினார். உயரமானது ஏறத்தாழ 30 மீட்டர். 1959இல் நகராட்சி ஆபத்தென்று சொல்லி இடிக்கப் பார்த்தது. ஆதரவாளர்கள் சோதனை வைக்கச் சொன்னார்கள். 10,000 பவுண்டு விசையில் இழுத்தும் கோபுரம் அசையவில்லை. இன்றும் நிற்கிறது.

நம் முறையும் அதுவேதான். நடுத்தண்டுக்கு 8 அல்லது 10 எம்.எம். முறுக்குக் கம்பி. கை, கிளை, வால் போன்றவற்றுக்கு 6 எம்.எம். போதும். வெல்டிங் தேவையில்லை, கட்டுக்கம்பியால் குறடு வைத்து முறுக்குங்கள். தொப்பைக்குள் அடைக்க உடைந்த ஓடுகளையும் செங்கலையும் போடலாம், சிமென்ட் மிச்சமாகும். அதன்மேல் கோழிவலையை இரண்டு சுற்று சுற்றி, ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு வீதம் கட்டுங்கள். இந்த நிலையிலேயே உருவத்தை நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள், சாயங்கால வெயிலில் பார்த்தால் நிழல் நன்றாகத் தெரியும். இங்கே கோணல் இருந்தால் கையால் வளைத்துச் சரி செய்யலாம். சாந்து ஏறிய பிறகு முடியாது.

கொத்தனார் எனக்குச் சொன்ன ஒன்றை அப்படியே சொல்கிறேன். ‘கண்ணு, இரும்பு எங்கயாச்சும் வெளிய தெரிஞ்சா அது துருப்பிடிச்சு ஊதி, மேல இருக்கறதையெல்லாம் தள்ளிப்போடும்.’ கம்பிக்கு மேல் எல்லா இடத்திலும் இரண்டு சென்டிமீட்டர் சாந்தாவது இருக்க வேண்டும். விரல் நுனி, அலகு, காது மடல் போன்ற மெல்லிய இடங்களில்தான் இது தப்பும். அதனால் தொடக்கத்தில் மெல்லிய உறுப்புகளே இல்லாத உருவமாக எடுங்கள்: உட்கார்ந்த ஆந்தை, குந்தியிருக்கும் பாட்டி, பானை, பனை.

சாந்து

ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு எம் சாண்ட். சல்லடையில் சலித்தது. தண்ணீர் எவ்வளவு என்று கேட்பார்கள். கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. ஒரு சட்டிக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். முக்கால் மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது பார்க்கச் சாந்தாகத்தான் இருக்கும், பலம் போய்விடும்.

முதல் பூச்சு வலைக்குள் புகும்படி அழுத்திப் பூசி, கரண்டி நுனியால் குறுக்கும் நெடுக்கும் கீறி விடுங்கள். மறுநாள் நனைத்துவிட்டு இரண்டாம் பூச்சு. இதில்தான் சில்லு பதியும். ரப்பர் கையுறை கட்டாயம், சிமென்ட் தோலை அரிக்கும். எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார்கள். அது வேலை முடிந்தபின் கைக்கு நல்லது, கையுறைக்கு ஈடாகாது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுவதும் மறக்கக் கூடாதது. தென்னாப்பிரிக்காவில் நியூ பெதஸ்டா என்ற சிற்றூரில் ஹெலன் மார்ட்டின்ஸ் என்ற பெண் தன் வீட்டுச் சுவர் முழுக்கப் பொடித்த கண்ணாடியைப் பதித்து, முற்றத்தில் ஆந்தைகளும் ஒட்டகங்களுமாக நூற்றுக்கணக்கான சிமென்ட் உருவங்களை நிறுத்தினார். கண்ணாடித் தூளோடு ஆண்டுக்கணக்காகப் புழங்கியதில் அவருடைய பார்வை கெட்டுப்போனது. சில்லை உடைக்கும்போது கோணிப்பைக்குள் போட்டு மேலே சுத்தியலால் தட்டுங்கள். தூசு எழும் வேலைக்கு மூக்கில் துணி கட்டுங்கள்.

சில்லு பதிப்பது

இந்த வேலைக்காகத்தான் மற்ற எல்லா வேலையும். அவசரப்படாமல் சொல்கிறேன்.

டைல்ஸ் எல்லாம் ஒன்றல்ல. பழைய சுவர் டைல்ஸ், சுட்ட மண் ஓடு இவை தண்ணீர் குடிக்கும். ஒரு வாளியில் போட்டால் குமிழி விடும். குமிழி நிற்கும்வரை ஊற வைத்து, மேல் ஈரம் காய்ந்த பிறகு பதிக்க வேண்டும். ஊறாத சில்லு சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், நாலு மாதத்தில் தட்டினால் ‘டொக்’ என்று விழும். என் இரண்டாவது உருவம், ஒரு கோழி, இப்படித்தான் இறகெல்லாம் உதிர்ந்து நின்றது. இப்போது தரைக்குப் போடும் வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரே குடிக்காது. அதற்கு வெறும் சிமென்ட் பிடிக்காது, டைல்ஸ் ஒட்டும் பசை கடையில் விற்கிறது. வளையலும் கண்ணாடியும் அப்படியே, மேலாக ஒட்டினால் நிற்காது. குத்திட்டு, மூன்றில் இரண்டு பங்கு சாந்துக்குள் போகும்படி சொருக வேண்டும்.

சில்லின் அளவு கட்டை விரல் நகம் முதல் ஓட்டாஞ்சில்லு வரை. சின்ன வயதில் பாண்டி விளையாடப் பொறுக்கிய அதே அளவு. வளைந்த இடத்துக்குச் சின்னது, தட்டையான இடத்துக்குப் பெரியது. கண்ணிலிருந்து தொடங்குங்கள். கண் சரியாக விழுந்துவிட்டால் மற்றது தானாக வரும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு தீக்குச்சி கனத்துக்கு இடைவெளி விடுங்கள். பதித்தபின் ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டி உள்ளே அமர்த்துங்கள். வெளியே நீட்டிய கூர் முனை ஒன்றும் இருக்கக் கூடாது, கையால் தடவிப் பாருங்கள், கையுறையோடு.

அப்புறம் ஒன்று. கிடைத்த நிறத்தையெல்லாம் ஒரே உருவத்தில் கொட்டாதீர்கள். மூன்று நிறம் போதும். நேர்கோடாக, சமமாக வரவில்லையே என்று பிடுங்கிப் பிடுங்கிப் பதிக்கவும் வேண்டாம். இது உங்கள் கை. ரோடியாவின் கோபுரத்தில் எந்த இரண்டு துண்டும் ஒரே அளவில் இல்லை. செவாலின் மாளிகையில் எந்தப் பக்கமும் மறுபக்கத்தைப் போல இல்லை. முறையாகப் படித்த சிற்பி ஒருவர் உங்கள் வேலையைத் திருத்த முன்வந்தால் அடித்தளத்தையும் கம்பியையும் திருத்தச் சொல்லுங்கள், முகத்தைத் தொட விடாதீர்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து இடைவெளியை அடைக்கலாம். வெள்ளை சிமென்டில் குழந்தைத்தனமான ஒரு பளிச்சென்ற அழகு வரும், சாம்பல் சிமென்டில் நிறங்கள் ஆழமாகத் தெரியும். எனக்குச் சாம்பல்தான் பிடிக்கும். கூழாகக் கரைத்துத் தேய்த்து, கால் மணி நேரத்தில் ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் மினுக்குங்கள். மறந்து தூங்கிவிட்டால் மறுநாள் உளி கொண்டுதான் எடுக்க வேண்டியிருக்கும்.

காற்று

பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிற நமக்கு இது தனிப் பிரச்சினை. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று நிற்காமல் அடிக்கும். துணி ஒரு மணி நேரத்தில் காயும். அதே காற்று சாந்தின் ஈரத்தையும் உறிஞ்சி, முதல் நாளிலேயே மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். பங்குனி, சித்திரை வெயில் அதைவிட மோசம். அதனால் காற்றுக் காலத்திலும் கோடையிலும் பொறுக்குங்கள், பிரியுங்கள், கம்பி கட்டுங்கள். சாந்து வேலையை ஆவணி, புரட்டாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு தார்ப்பாய் தயாராக இருக்கட்டும்.

எந்த மாதமானாலும் ஈரச் சாக்கைச் சுற்றி, குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பத்து நாள், காலை, மதியம், மாலை என்று தண்ணீர் ஊற்றுங்கள். சிமென்டுக்குப் பலம் வருவது காய்வதால் அல்ல, ஈரத்தில் இருப்பதால். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று உருவங்கள் போயின.

மழைக்காலத்துக்குப் பின் பாசி படியும். தேங்காய் நார், தண்ணீர், போதும். ஆசிட் ஊற்றாதீர்கள், அது பாசியோடு சாந்தையும் தின்னும். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு குச்சியால் எல்லாச் சில்லையும் தட்டிக் கேளுங்கள். உள்ளே காலியான சத்தம் கேட்கும் இடத்தை உடனே எடுத்து மறுபடி பதித்துவிட்டால் பக்கத்துச் சில்லுகள் தப்பும்.

ஊரும் வீடும்

பேச்சு வரும். ‘வேலை வெட்டி இல்லையா’ என்பார்கள், குப்பையைச் சேர்ப்பதாகவும் சொல்வார்கள். செவாலையும் ரோடியாவையும் அவர்கள் ஊரில் பைத்தியம் என்றுதான் சொன்னார்கள். எதிர்த்துப் பேசாமல் அந்த வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஐந்து சில்லு பதிக்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் எதிர்ப்பு நின்றது அப்படித்தான். இப்போது யார் வீட்டில் தட்டு உடைந்தாலும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது.

இதுபோல வேறு யாராவது செய்து வைத்திருப்பதைக் கேள்விப்பட்டால் போய்ப் பாருங்கள். வாசலில் நின்று, ‘பார்க்கலாமுங்களா’ என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். படம் எடுக்கவும் கேளுங்கள். எதற்காகச் செய்தீர்கள் என்று முதலிலேயே கேட்காதீர்கள், பலருக்கு அதற்குப் பதில் இருக்காது. எதை முதலில் செய்தீர்கள் என்று கேட்டால் கதை தானாக வரும்.

வீட்டாரிடமும் பேசி வையுங்கள். ரோடியா 1955இல் தன் இடத்தை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், திரும்பி வாழ வரவில்லை. 1990இல் சண்டிகர் தோட்டத்துக்குள் புல்டோசர் வந்தபோது பொதுமக்கள் வரிசையாக நின்று தடுக்க வேண்டியிருந்தது. நம் முற்றத்துக்கு அப்படிக் கூட்டம் வராது. மகனோ மருமகளோ ‘இதை எடுத்துட்டுக் கார் நிறுத்தலாம்’ என்று சொல்லும் நாள்தான் வரும். அதனால் ஒரு நோட்டில் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தச் சில்லு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். எங்கள் பாட்டி உருவத்தின் முந்தானையில் இருப்பது என் அத்தையின் கல்யாணத்துக்கு வாங்கிய பீங்கான் கோப்பை. அது தெரிந்த பிறகு அதை இடிக்கக் கை வருமா?

உதவியவர்கள் பெயரையும் விடாதீர்கள். ஹெலன் மார்ட்டின்ஸின் உருவங்களில் பலவற்றை அவரோடு சேர்ந்து செய்தவர் கூஸ் மால்காஸ் என்ற தொழிலாளி. அந்தப் பெயர் வெளியே தெரியவே வெகு காலம் ஆனது. எங்கள் பனையின் பின்பக்கத்தில் அடியில் கொத்தனாரின் பெயர் இருக்கிறது, அதன் கீழே என் பெயர், அதன் கீழே தேதி. ஆணியால் கீறியது. கடைசிப் பூச்சு முடிந்து அரை மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும், அப்புறம் சாந்து கீறலை வாங்காது. ஆணியைத் தொடக்கத்திலேயே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.